பெரும்பாவூரில் ஒரு குட்டி முர்ஷிதாபாத்!

களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டினால் கேரளா. கொத்து வேலைக்கும் கையாள் வேலைக்கும் நம்ம ஆட்கள் தூக்குவாளியோடு பஸ் ஏறிய ரூட். அங்கே 'பாண்டி' என்று கூப்பிட்டாலும் கேட்டுக்கொண்டு செங்கல் தூக்கினார்கள். இன்றைக்கு அந்தச் செங்கல் பெரும்பாலும் வங்காளத்து 'பாய்' தலையில்!

இவர்களின் தலைநகரம், எர்ணாகுளம் ஜில்லா பெரும்பாவூர். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்... மலையாளத்தைத் தேடணும் சார்! கடைபோர்டில் பெங்காலி. கடுகெண்ணெய், பொரி, லுங்கி, செல்போன் ரீசார்ஜ் என்று தெருவே சந்தை. தியேட்டரில் பெங்காலிப் படமும் ஓட்டியிருக்கிறார்கள். கண்டந்தறைப் பக்கம் ஒரு குடியிருப்புக்கு 'பாய் காலனி' என்றே பெயர்.

எப்படி வந்தார்கள்? 1996-ல் சுப்ரீம் கோர்ட் மரம் வெட்டத் தடை போட, அஸ்ஸாம் பக்கத்து பிளைவுட் மில்கள் படுத்தன. பெரும்பாவூர் மில்களுக்கோ ரப்பர் மரம் (நம்ம குலசேகரத்தில் நிற்கிற அதே மரம்தான்) தாராளம். வேலை தெரிந்தவர்கள் ரயிலேறினார்கள். பின்னாலேயே முர்ஷிதாபாத்காரர்கள். கல்கத்தாப் பக்கம் ஷாலிமாரிலிருந்து நாகர்கோவில் வரும் ரயிலுக்கு, தாகூரை நினைத்து 'குருதேவ்' என்று பெயர். ஆலுவாவில் இறங்கினால் பெரும்பாவூர் கூப்பிடு தூரம்.

கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் சுமார் 25 லட்சம், ஊருக்கு அனுப்பும் பணம் வருஷம் 17,500 கோடி ரூபாய் என்றது 2013 கணக்கு. 2017-ல் அவர்களுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்க, பெரும்பாவூரில்தான் 'சங்ஙாதி' திட்டத்தை ஆரம்பித்தார்கள். பாடப்புத்தகம் 'ஹமாரி மலையாளம்'. நல்ல காரியம்!

சர்க்கார் வைத்த பெயர் 'அதிதி தொழிலாளி'. விருந்தாளியாம்! அந்த விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர் ஒரே ரூமில் படுக்கிறார்கள். வாடகை மட்டும் ரூமுக்கு இல்லை, தலைக்கு இவ்வளவு!