வாசலுக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளி: ஊரைச் சுற்றிக் காட்டுவோமா?

ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் பஸ்சில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நம் ஊர்க் கடை போர்டுகளுக்கு நடுவே கொரிய எழுத்தில் ஒரு போர்டு! வட்டமும் கோடுமாக இருக்கும். அது ஓட்டலாக இருக்கும், இல்லாவிட்டால் தங்கும் விடுதியாக இருக்கும்.

கொரியாக்காரர், ஜப்பான்காரர், தைவான்காரர், சீனாக்காரர், ஜெர்மன்காரர் எல்லோரும் இந்த ரோட்டில்தான் போகிறார்கள், வருகிறார்கள். விசா வாங்கி, விமானம் ஏறி, நம் வாசல்வரை வந்துவிட்டவர்கள்.

வெளிநாட்டுக்காரரை இழுக்க பெர்லினிலும் லண்டனிலும் நடக்கும் சுற்றுலாச் சந்தைகளில் தமிழ்நாடு அரங்கு போடுகிறது. நல்லதுதான். ஆனால் ஒரகடம் கேட்டுக்கு வெளியே காரில் காத்திருக்கிற விருந்தாளியை யார் அழைப்பது?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

1996-ல் தொடங்கிய வரவு

கொரியாவின் ஹூண்டாய் 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. 1998-ல் சாண்ட்ரோ கார் வெளியே வந்தது. பிறகு வரிசைதான். 2006-ல் நோக்கியா வந்தது. 2014-ல் மூடிக்கொண்டு போனது. சாம்சங் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் - நிசான் கார் ஆலை. 2012-ல் பாரத் பென்ஸ் லாரி செய்ய டைம்லர். ஐபோன் செய்வதற்கு தைவான் கம்பெனி பாக்ஸ்கான்.

ஆலை வந்தால் எஞ்சினீயர் வருவார். மெஷின் மாட்ட வருகிறவர் 2 வாரம் இருப்பார். மானேஜராக வருகிறவர் குடும்பத்தோடு 3 வருஷம், 4 வருஷம் இருப்பார். பெற்றவர்களும் மாமனார், மாமியாரும் பார்க்க வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் இவர்கள் என்ன செய்வார்கள்? வழி காட்ட ஆள் இல்லாவிட்டால் சென்னையில் ஒரு ஷாப்பிங் மால், ஒரு ஓட்டல் சாப்பாடு. அவ்வளவுதான், ஞாயிறு முடிந்தது!

ராமானுஜர் பிறந்த ஊர்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் கார் கம்பெனி என்று இன்றைக்குச் சொல்கிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உலகம் அறிந்த ஊர் இது. 1017-ம் ஆண்டு ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவர் தாமே தழுவிக்கொண்ட "தான் உகந்த திருமேனி" இன்றும் இருக்கிறது. கோயிலுக்கும் நெடுஞ்சாலைக்கும் பெரிய தூரம் இல்லை.

1991 மே 21-ந்தேதி ராஜீவ் காந்தி உயிர்நீத்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லக்கோட்டையில் ஏழடி உயர முருகன். மேற்கே போனால் காஞ்சிபுரம். தென்கிழக்கே போனால் மாமல்லபுரம்.

ஐதராபாத்தைப் பாருங்கள். ராமானுஜர் பிறந்ததும் அங்கே இல்லை, மறைந்ததும் அங்கே இல்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் 216 அடி உயரத்தில் அவருக்கு அங்கே சிலை திறந்தார்கள். "சமத்துவச் சிலை" என்று பெயர் வைத்து உலகத்துக்கே விளம்பரம் செய்தார்கள். பிறந்த ஊர்க்காரர்களாகிய நமக்குச் சிலைகூட வேண்டாம். "இங்கேதான் பிறந்தார்" என்று நாலு பாஷையில் ஒரு போர்டு போதும்.

காஞ்சிக்கும் கொரியாவுக்கும் உறவு

ஜப்பான்காரர் வீட்டில் சிவப்பு நிறத்தில் உருண்டையான ஒரு பொம்மை இருக்கும். "தருமா" என்று பெயர். காரியம் நினைத்து ஒரு கண் வரைவார்கள். காரியம் கைகூடினால் மறு கண் வரைவார்கள். கொரியாவில் "தல்மா" படத்தை வீட்டில் மாட்டினால் கெடுதல் அண்டாது என்று நம்புவார்கள். சீனாவில் ஷாவோலின் கோயில் பெயரைச் சொன்னாலே இவர் ஞாபகம்தான்.

யார் இந்தத் தருமா? நம் போதிதர்மர்! தென்னிந்திய அரசர் ஒருவரின் 3-வது மகன் என்று சீனப் பழைய ஏடு சொல்கிறது. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை. 2011-ல் "ஏழாம் அறிவு" சினிமா வந்தபோதுதான் நம் பிள்ளைகளுக்கே அவர் பெயர் தெரிந்தது.

7-ம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்து போனதை எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயரைச் சீனாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகூட அறியும்.

ஆக, கொரிய மானேஜருக்கும் சீன எஞ்சினீயருக்கும் காஞ்சிபுரம் அன்னிய ஊர் அல்ல. அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற படத்தின் சொந்த ஊர் என்று சொன்னால், "அப்படியா!" என்று கிளம்பிவிட மாட்டார்களா?

வளரும் நாடுகளின் பணம்

ஒரு காலத்தில் வெளிநாட்டு டூரிஸ்ட் என்றால் வெள்ளைக்காரர்தான். இப்போது அப்படி இல்லை. சீனா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா என்று வளரும் நாடுகளின் மக்கள் கையில் காசு புரள்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

2019-ல் சீனர்கள் எல்லை தாண்டிப் போன பயணங்கள் 15 கோடிக்கு மேல். அதில் இந்தியாவுக்கு வந்தவர்கள் எத்தனை? மூன்றரை லட்சம்கூட இல்லை!

அதே 2019 அக்டோபர் 11-ந்தேதி சீன அதிபர் ஜி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தார். வேட்டி கட்டிய பிரதமர் மோடி அர்ச்சுனன் தபசையும் ஐந்து ரதத்தையும் சுற்றிக் காட்டினார். கோடிக்கணக்கில் செலவு செய்தாலும் கிடைக்காத விளம்பரம். ஆனால் அடுத்த வருஷமே கொரோனா வந்தது. எல்லையில் சண்டையும் மூண்டது. சீனர்களுக்கு மறுபடி டூரிஸ்ட் விசா கொடுக்க ஆரம்பித்தது 2025 ஜூலையில்தான்.

மாமல்லபுரத்துக்கு இழுப்பு சக்தி இல்லாமல் இல்லை. 2021-22-ல் அங்கே வந்த வெளிநாட்டினர் 1,44,984 பேர். தாஜ்மகாலுக்குப் போனவர்கள் 38,922 பேர்தான். மத்திய அரசின் கணக்கு இது!

2019-ல் தமிழ்நாட்டுக்கு வெளிநாட்டினர் வருகை 68 லட்சத்துக்கு மேல், இந்தியாவிலேயே முதலிடம். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் குஜராத்தும் மகாராஷ்டிரமும் முந்திக்கொண்டன.

40 ரூபாயா, 600 ரூபாயா?

மாமல்லபுரம் டிக்கெட் கவுண்டரில் ஒரு விசித்திரம். 2018-ல் உயர்த்திய கட்டணப்படி இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டுக்காரருக்கு 600 ரூபாய். இலங்கை, வங்காளதேசம், தாய்லாந்து போன்ற பக்கத்து நாட்டுக்காரர்களுக்கும் சலுகை உண்டு, அவர்களுக்கும் 40-தான்.

மலேசியாவுக்கு அந்தச் சலுகை இல்லை. தாத்தா செங்கல்பட்டிலிருந்து கப்பல் ஏறியவராக இருக்கலாம். பேரன் நல்ல தமிழ் பேசலாம். ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் தப்பித்தார். இல்லாவிட்டால் தலைக்கு 600! நாலு பேர் குடும்பத்துக்கு 2,400. "நம்ம ஊர்லயே நாம அன்னியமா?" என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

நடை சாத்தும் நேரம்

அடுத்த சங்கடம் நேரம். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக எழுந்து, கார் பிடித்து, காஞ்சிபுரம் சேர மணி பதினொன்றரை. 12 மணிக்கெல்லாம் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க 4 மணி. அதுவரை வெயிலில் என்ன செய்வார்? "நோ யூஸ்" என்று திரும்பிவிடுவார்.

சாமிக்கும் ஓய்வு உண்டு. அந்த வழக்கத்தை மாற்றச் சொல்ல முடியாது. ஆனால் முன்கூட்டியே சொல்லலாமே! காலையில் கோயில், மத்தியானம் நெசவாளர் தறி, சாயங்காலம் கைலாசநாதர் என்று ஒரு அட்டை அடித்துக் கம்பெனி கெஸ்ட் ஹவுசில் வைத்தால் போதும்.

கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதவர் போகக்கூடாது என்பது கோயில் விதி. அதையும் வாசலில் நிறுத்தி விரட்டிச் சொல்வதைவிட, முன்பே மரியாதையாகச் சொல்வது நல்லது. பார்க்க வெளியே என்ன குறைச்சல்? வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் கல்லிலேயே கோத்த சங்கிலி தொங்குகிறது. இரும்பும் எஃகும் அறிந்த கார் எஞ்சினீயர் அதைப் பார்த்தால் அசந்து போவார்!

அவர்கள் எப்படி அழைக்கிறார்கள்?

தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியருக்கு விசா வேண்டாம் என்றது. அடுத்த மாதமே மலேசியாவும் சொன்னது. பலன்? 2024-ல் தாய்லாந்து போன இந்தியர்கள் 21 லட்சத்துக்கு மேல். நம் சிமெண்டு டீலரும் பெயிண்டு டீலரும் பாங்காக் போய்வந்து கதை கதையாகச் சொல்கிறார்கள். அந்தக் கதையைக் கேட்டு பக்கத்துக் கடைக்காரர் அடுத்த வருஷம் கிளம்புகிறார்.

சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. போய்வந்தவன் வாய்தான் பெரிய விளம்பரம். ஒரகடத்தில் 3 வருஷம் இருந்த கொரியாக்காரர் சோல் நகரத்துக்குத் திரும்பிப் போய் என்ன சொல்வார்? "ஒரே லாரி, ஒரே தூசி" என்று சொல்வாரா? "போதிதர்மர் ஊரைப் பார்த்தேன்" என்று சொல்வாரா? அதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

யாருக்கு லாபம்?

ஒரு குடும்பம் காஞ்சிக்குப் போனால் டாக்சிக்காரருக்கு வாடகை. இளநீர்க்காரருக்கு வியாபாரம். இங்கிலீஷ் பேசும் வழிகாட்டிக்கு ஒரு நாள் கூலி. காஞ்சிப் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது; மாமல்லபுரம் கல் சிற்பத்துக்கு 2017-ல் கிடைத்தது. முத்திரை கிடைத்தால் மட்டும் சரக்கு விற்றுவிடாது. தறிக்கு முன்னால் வாங்குகிறவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஞாயிறுதோறும் சுங்குவார்சத்திரம், ஒரகடம் விடுதிகளிலிருந்து புறப்படுகிற மாதிரி சுற்றுலாக் கழகத்தின் ஒரு வேன். கொரிய, ஜப்பானிய, சீன மொழிகளில் ஒரு வரைபடம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் தொடங்கி, ராமானுஜர் பாடம் கேட்ட திருப்புட்குழி வழியாகக் காஞ்சி வரை ஒரு நாள் பாதை. மலேசியத் தமிழருக்கு டிக்கெட்டில் ஒரு சலுகை.

லண்டனில் போடும் அரங்குக்கு வாடகை கொடுக்க வேண்டும். ஒரகடத்து விருந்தாளிக்கு ஏற்கனவே அவருடைய கம்பெனியே விமான டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டது. "வாங்க" என்று சொல்ல வேண்டியது மட்டும்தான் நம் செலவு!