மருந்தை எதிர்க்கும் நுண்ணுயிர்

நுழையும்முன்

நோய்க்கு மருந்து காண்பது அறிவியலின் பணி. கண்ட மருந்தின் ஆற்றல் குன்றாமல் காப்பது மக்கள் அனைவரின் கடமை. சீதபேதிக் கிருமியின் வரலாற்றின்வழி இக்கடமையை விளக்குகிறது இப்பாடம்.

சென்னையின் மேற்குப் புறநகரில் ஆவடி, முத்தாபுதுப்பேட்டை, அம்பத்தூர் ஆகிய ஊர்கள் அமைந்த பகுதியில் உள்ளது அயப்பாக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இங்கே இயங்கிவருகிறது. ஆவடியில் செயல்பட்ட தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் இணைத்து, 1999ஆம் ஆண்டில் இந்நிறுவனம் உருவாக்கப்பட்டது.

ஓர் ஊரில் பலருக்கு ஒரே காலத்தில் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், யாருக்கு, எப்போது, எங்கே நோய் கண்டது எனத் தொகுத்து, அது பரவிய வழியைத் தேடுவது நோய்ப்பரவியல். அந்நோயின் கிருமி எது, அஃது எம்மருந்துக்கு அடங்கும் என ஆராய்வது நுண்ணுயிரியல். இவ்விரு துறைகளின் துணையும் ஒருங்கே தேவைப்படும் நோய்களுள் ஒன்று சீதபேதி.

கிருமியைக் கண்டறிதல்

வயிற்றுக்கடுப்பு, காய்ச்சல், இரத்தமும் சளியும் கலந்த மலம் ஆகியன சீதபேதியின் அறிகுறிகள். இந்நோய் அமீபாவாலும் வரும், பாக்டீரியாவாலும் வரும். 1897ஆம் ஆண்டில் ஜப்பானில் பரவிய சீதபேதி ஏறத்தாழ 90,000 பேரைத் தாக்கியது. அவர்களுள் ஐவரில் ஒருவருக்கு மேல் உயிரிழந்தனர். அப்போது கியோஷி ஷிகா என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் மலத்தை ஆராய்ந்து, நோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அவர் பெயராலேயே அது 'ஷிகெல்லா' எனப்பட்டது.

ஷிகெல்லாவில் நான்கு இனங்கள் உள்ளன. பத்து முதல் நூறு கிருமிகள் உடலுக்குள் சென்றாலே நோய் உண்டாகக்கூடும். எனவே தூய்மையற்ற நீர், உணவு ஆகியவற்றால் மட்டுமன்றி, கழுவாத கைகளாலும் இந்நோய் எளிதில் பரவுகிறது.

மருந்தும் எதிர்ப்பும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சல்ஃபா மருந்துகளும், அவற்றைத் தொடர்ந்து ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் முதலிய நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் பயன்பாட்டிற்கு வந்தன. ஆயினும், 1950களில் ஜப்பானிய மருத்துவர்கள் வியப்பூட்டும் ஒன்றைக் கண்டனர். சில நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்ட ஷிகெல்லா, ஒரு மருந்தை மட்டுமன்றிப் பல மருந்துகளை ஒரே நேரத்தில் எதிர்த்தது.

1959ஆம் ஆண்டில் அகிபா, ஓச்சியாய் ஆகியோரின் ஆய்வுகள் இதனை விளக்கின. எதிர்ப்புத்திறனுக்குரிய மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. அவற்றைச் சுமந்து செல்பவை 'பிளாஸ்மிட்' எனப்படும் சிறிய டி.என்.ஏ. வளையங்கள். நம் குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை பாக்டீரியாவும் இவற்றை ஷிகெல்லாவுக்கு வழங்கவல்லது. இவ்வாறு எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமி மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கலாம். உட்புகுந்த மருந்தை வெளியே தள்ளலாம். மருந்து சென்று பற்றும் இடத்தையே மாற்றிக்கொள்ளலாம்.

இந்தியாவும் இச்சிக்கலைச் சந்தித்தது. 1984ஆம் ஆண்டில் மேற்கு வங்கத்தில் கடுமையான சீதபேதி பரவியபோது, வழக்கமான மருந்துகள் பல பயன்தரவில்லை. நாலிடிக்சிக் அமிலம் கைகொடுத்தது. பின்னர் அதன் ஆற்றலும் குன்றவே, சிப்ரோஃபிளாக்சசின் அதன் இடத்தைப் பெற்றது. 2002ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் வடபகுதியில் அதற்கும் அடங்காத ஷிகெல்லா தோன்றியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட நிறுவனங்கள் இக்கிருமியின் எதிர்ப்புத்திறனைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றன. 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், சிப்ரோஃபிளாக்சசின் வகை மருந்துகளை எதிர்க்கும் ஷிகெல்லா உயர் முன்னுரிமைப் பிரிவில் இடம்பெற்றுள்ளது.

தெரியுமா?

முதல் உலகப் போரில் சீதபேதியால் இறந்த ஒரு பிரித்தானியப் படைவீரரிடமிருந்து 1915ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ஷிகெல்லா இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அது பென்சிலினை எதிர்க்கும் திறனுடையது என்பதை 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1928ஆம் ஆண்டில்! எதிர்ப்புத்திறன் இயற்கையிலேயே உள்ளது. எதிர்ப்பற்ற கிருமிகள் மருந்தால் அழிய, எதிர்ப்புள்ளவை எஞ்சிப் பெருகுகின்றன.

நம் கடமை

சளி, காய்ச்சல் போன்றவை பெரும்பாலும் வைரசுகளால் வருவன. வைரசுகளை நுண்ணுயிர் எதிர்ப்பிகள் அழிப்பதில்லை. ஆயினும், பலர் மருத்துவரை நாடாமல் மருந்துக்கடையில் இவற்றை வாங்கி உட்கொள்கின்றனர். அம்மருந்து சளியைத் தீர்ப்பதில்லை. குடலில் உள்ள எதிர்ப்பற்ற பாக்டீரியாக்களை அழித்து, எதிர்ப்புள்ளவற்றைப் பெருகச் செய்கிறது. அவற்றின் மரபணுக்கள் நாளை ஒரு ஷிகெல்லாவைச் சென்றடையலாம். இன்று ஒருவர் தேவையின்றி விழுங்கிய மாத்திரையின் விளைவை, என்றோ ஒருநாள் சீதபேதியால் துன்புறும் முன்பின் அறியாத ஒரு குழந்தை ஏற்க நேரலாம்.

இவ்விடரை எதிர்கொள்ளும் வழிகளை வகுக்க, 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் மருத்துவ வல்லுநர்கள் சென்னையில் கூடினர். அவர்கள் உருவாக்கிய செயல்திட்டம் 'சென்னைப் பிரகடனம்' என வழங்கப்படுகிறது. 2014ஆம் ஆண்டு மார்ச்சு முதல், குறிப்பிட்ட சில நுண்ணுயிர் எதிர்ப்பிகளை விற்கும் மருந்துக்கடைகள் மருத்துவர், நோயாளி ஆகியோரின் விவரங்களைத் தனிப்பதிவேட்டில் குறித்து, மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்னும் விதியும் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் மட்டும் போதாது. நீராக வெளியேறும் சாதாரண வயிற்றுப்போக்கிற்குப் பெரும்பாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலே முதல் துணை. மலத்தில் இரத்தம் கண்டால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும். மருத்துவர் தந்த மருந்தை அவர் கூறிய அளவிலும் காலத்திலும் உட்கொள்ள வேண்டும். எஞ்சியதைப் பிறருக்குக் கொடுத்தல் ஆகாது. சோப்பிட்டுக் கைகழுவும் பழக்கம் நோயையே தடுப்பதால், மருந்தின் தேவையையும் குறைக்கிறது.

ஏரிநீர் ஊருக்குப் பொது. ஒருவர் வீணாக்கினால், கடைமடைக்கு நீர் எட்டாது. நுண்ணுயிர் எதிர்ப்பியின் ஆற்றலும் அத்தகைய பொதுச்செல்வமே. அதனைச் சிக்கனமாகக் கையாண்டு, அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்வது நம் கடமையாகும்.