குற்றாலநாதரின் தைலக்காப்பும் மூட்டுவலிக்கான கைமருந்துகளும்

பொதிகை மலைத்தொடரின் ஒரு பகுதியாகிய திரிகூட மலையின் அடிவாரத்தில், பேரருவியின் ஓசை ஒலிக்கும் திருத்தலத்தில், அருள்மிகு குழல்வாய்மொழியம்மை உடனுறை குற்றாலநாத சுவாமி எழுந்தருளியுள்ளார். திருஞானசம்பந்தரின் பாடல் பெற்றதும், ஐந்து சபைகளுள் சித்திர சபையைக் கொண்டதுமான இத்தலத்தில் மூலவருக்குத் தைலக்காப்பு நடைபெறுவது தனிச்சிறப்பாகும்.

திருமாலாக நின்ற திருமேனியை அகத்திய மாமுனிவர் தம் கையால் அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தலவரலாறு. அதனால் இறைவனின் திருமுடியில் உண்டான வலி தணியவே மூலிகைகள் பல சேர்த்துக் காய்ச்சிய தைலம் சாத்தப்படுகிறது என்பர். அருவியின் குளிர்ச்சி தாக்காதிருக்க, சுக்கு, மிளகு, கடுக்காய் முதலியன சேர்ந்த கஷாயம் நிவேதனம் செய்யப்படுவதும் இத்தலத்து வழக்கமாகும்.

பிறவிப்பிணி தீர்க்கும் பெருமானுக்கே மருந்தா என்று எண்ணத் தோன்றலாம். உடலைப் பேணுதலும் வழிபாட்டின் ஓர் அங்கமே என்று அன்பர்களுக்கு உணர்த்தும் வழக்கமாக இதனைக் கொள்ளலாம். முழங்கால் வலியால் படியேற இயலாமல், பிரகாரம் வலம்வர முடியாமல், கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்ட முதியோர் பலர். அவர்களுக்குத் துணைசெய்யும் கைமருந்துகள் சில உள்ளன.

வலியின் காரணம்

வளி, அழல், ஐயம் ஆகிய மூன்றனுள் வளி மிகுவதால் மூட்டுகளில் வலியும் முடக்கமும் தோன்றுகின்றன என்பது சித்த மருத்துவத்தின் கொள்கை. எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பு தேய்வதே முதுமையில் வரும் மூட்டுவலிக்குப் பெரும்பாலும் காரணம் என்று இக்கால மருத்துவம் கூறுகிறது. தேய்ந்த குருத்தெலும்பை எந்தத் தைலமும் மீண்டும் வளர்த்துவிடாது. ஆயினும் வெதுவெதுப்பும் இதமான தேய்ப்பும் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி வலியைத் தணிக்கும்.

நொச்சித் தைலமும் ஒத்தடமும்

நொச்சி இலைச்சாறும் நல்லெண்ணெயும் சம அளவு கலந்து சிறுதீயில் காய்ச்சுதல் வேண்டும். சலசலப்பு அடங்கி, நீர் முழுவதும் சுண்டியபின் இறக்கி வடிகட்டலாம். அதில் நனைத்த திரி வெடிக்காமல் எரியுமானால் பதம் சரியானது. இளஞ்சூட்டில் மூட்டின் மேல் தடவி மெல்லத் தேய்க்கலாம்.

நொச்சி இலையைச் சிறிது விளக்கெண்ணெயில் வதக்கி, துணியில் கிழியாகக் கட்டி ஒத்தடம் கொடுப்பதும் இதம் தரும். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. ஆகையால், பிறர் கையில் வைத்துச் சூடு பார்த்த பின்னரே ஒத்தடம் கொடுத்தல் வேண்டும்.

உணவே மருந்து

முடக்கை அறுப்பது என்னும் பொருளிலேயே முடக்கறுத்தான் எனும் பெயர் அமைந்தது. அதன் இலையை அரைத்துத் தோசை மாவில் கலந்தோ, இரசமாக வைத்தோ வாரம் ஓரிரு முறை உண்ணலாம். அளவு மிகுந்தால் பேதியாகும். கருவுற்ற பெண்கள் இதனைத் தவிர்த்தல் நலம். பிரண்டையின் இளந்தண்டை நாரெடுத்து, நன்கு வதக்கிப் புளி சேர்த்துத் துவையலாக்கினால் நாவில் அரிப்பு இராது. நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுதல் வேண்டும்.

சுக்கின் மேல்தோலையும் கடுக்காயின் உள்கொட்டையையும் நீக்கியே மருந்தில் சேர்க்க வேண்டும் என்பது முன்னோர் விதி. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோர், மருத்துவரைக் கேட்காமல் சுக்குக் கஷாயத்தைத் தொடர்ந்து அருந்துதல் கூடாது.

மூலிகைகளை நாடி மலைக்காட்டினுள் செல்லுதல் வேண்டா. அடையாளம் தவறிய இலை நஞ்சாகவும் கூடும். நொச்சியும் பிரண்டையும் முடக்கறுத்தானும் வீட்டுத் தோட்டத்திலேயே வளர்பவை.

மருத்துவரை நாட வேண்டிய நேரம்

மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் உடன் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்திற்கு மேல் விறைத்திருந்து, இரு கைகளிலும் வீக்கம் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதனைத் தொடக்கத்திலேயே முறையாக மருத்துவம் செய்யாவிடில் மூட்டுகள் நிரந்தரமாகக் கோணிவிடும். தைலத்தை நம்பி மாதங்களைக் கடத்துவது பெருந்தவறாகும். மருத்துவர் தந்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவதும் ஆகாது. 1964ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும், அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளிலும் தகுதி பெற்ற மருத்துவர்கள் உள்ளனர்.

உடல் எடையைக் குறைத்தலும், தொடையின் தசைகளை வலுவாக்கும் எளிய பயிற்சியும், நாள்தோறும் இயன்ற அளவு நடத்தலும் மூட்டுக்குச் சிறந்த காப்பு. அருவியில் நீராடுவோர் வலியுள்ள மூட்டின்மேல் நீர் வேகமாக விழும்படி நில்லாமல், நீராடியவுடன் ஈரம் துவட்டிக்கொள்ளுதல் நன்று.

இறைவனுக்குச் செய்யும் தைலக்காப்பு இடையறாத தொண்டு. இல்லத்து முதியோரின் கால்களுக்கு இளஞ்சூட்டுத் தைலம் தடவி, கைப்பிடித்துக் கோயிலுக்கு அழைத்து வருவதும் அத்தகைய தொண்டே. அத்தொண்டினைச் செய்வோர்க்கும் பெறுவோர்க்கும் குற்றாலநாதரின் திருவருள் துணைநிற்பதாகுக.