படகைக் கழுவும்போது தண்ணீரையும் பாருங்கள்!

பழவேற்காடு ஏரிக்கரையிலும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை ஒட்டிய ஊர்களிலும் ஒரே வீட்டில் வயலும் படகும் இருப்பது உண்டு. மருந்து தெளித்த கைத்தெளிப்பானை வாய்க்காலில் கழுவக் கூடாது என்பது இப்போது பலருக்கும் தெரியும். படகு விஷயத்தில் அந்தக் கவனம் இன்னும் வரவில்லை.

படகின் அடியில் பாசியும் கொட்டலசும் படிந்தால் வேகம் குறையும், டீசல் கூடுதலாகச் செலவாகும். அதனால் சுத்தம் செய்வது அவசியம்தான். ஆனால் சோப்புத்தூளையும் பிளீச்சிங் பவுடரையும் கொட்டித் தண்ணீரிலேயே கழுவினால், அடுத்த நாள் வலை போடும் இடத்தை நாமே கெடுக்கிறோம். சோப்புக் கரைசல் மீன் செவுளின் மேலுள்ள வழவழப்புப் படலத்தைக் கரைக்கும். பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின் மீன்குஞ்சுகளைக் கொல்லும்.

‘இயற்கைப் பொருள்தானே!’

சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை, சீயக்காய் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கரையில் வைத்துத் தேய்க்கலாம்; ஆனால் அந்தத் தண்ணீர் ஏரியிலோ குளத்திலோ இறங்கக் கூடாது. இவற்றில் நுரை தரும் சப்போனின் மீனுக்கு நஞ்சு. மீன்குளத்தில் விரால், கெளுத்தி போன்ற வேண்டாத மீன்களை ஒழிக்க, 1 மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஹெக்டேருக்குச் சுமார் 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போடுகிறோம் அல்லவா? அங்கே வேலை செய்வதும் இதே சப்போனின்தான்.

செய்ய வேண்டிய முறை

1. படகை ஓதம் ஏறாத மேட்டுக்கு இழுத்து, கவிழ்த்தோ சாய்த்தோ சில நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். கொட்டலசும் பாசியும் செத்து, சுரண்டுவது எளிதாகும். செலவில்லாத மருந்து வெயில்தான்.

2. கீழே தார்ப்பாய் விரித்து, மரச் சட்டத்தாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டுங்கள். இரும்பு உளி ஃபைபரின் மேல்பூச்சைக் கீறிவிடும். பிறகு தேங்காய் நாரும் தண்ணீரும் போதும்.

3. மேல்தளத்துக் கறைக்கு ஆப்பசோடாவைக் குழைத்துத் தேய்க்கலாம். துருக்கறைக்கு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைக்கலாம். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. எழும் குளோரின் வாயு ஆளையே சாய்க்கும்.

4. எஞ்சின் எண்ணெய் கலந்து அடியில் தேங்கிய தண்ணீரை அப்படியே இறைத்து ஊற்றாதீர்கள். காய்ந்த தென்னை நார்க்கழிவைத் துணிப்பையில் கட்டி அதில் போட்டுவையுங்கள், எண்ணெயை உறிஞ்சும். அந்த நார்க்கழிவை எருக்குழியில் போட வேண்டாம். பழைய எண்ணெயைக் கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் வாங்குபவரிடம் கொடுங்கள்.

சுரண்டியது எங்கே போக வேண்டும்?

பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் பெயின்டுகள் பலவற்றில் தாமிரம் உண்டு. அதனால் பெயின்டோடு சேர்ந்து உதிர்ந்த தூளை வயலுக்கோ உரக்குழிக்கோ கொண்டுபோகாதீர்கள். மூட்டையாகக் கட்டித் தனியே வைத்து, உள்ளாட்சிக் குப்பை சேகரிப்பில் தெரிவித்து ஒப்படையுங்கள். முன்பு இந்தப் பெயின்டுகளில் சேர்த்த டி.பி.டி. என்ற வெள்ளீயச் சேர்மத்தால், கடல் நத்தை இனங்களில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து இனப்பெருக்கமே கெட்டது. 2001-ல் உருவான உலக உடன்படிக்கை 2008-ல் நடைமுறைக்கு வந்து அதைத் தடை செய்தது. புதிய பெயின்ட் வாங்கும்போது டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

காக்கா ஆழி எச்சரிக்கை

எண்ணூர், பழவேற்காடு பகுதிகளில் சேற்றின் மேல் பாய் விரித்ததுபோல் படர்ந்து, இறாலுக்கு இடமில்லாமல் செய்யும் காக்கா ஆழி அமெரிக்கக் கண்டத்துச் சிப்பி. இது படகின் அடியில் ஒட்டிக்கொண்டும் பயணம் செய்யும். ஒரு கழிமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் படகைக் கொண்டுபோகும் முன் சுரண்டி, காயவைத்து, கயிறு, நங்கூரம், வலையையும் உதறிப் பாருங்கள். ஆகாயத்தாமரைத் துண்டுக்கும் இதே கவனம் வேண்டும்.

ஒரு துறையில் பத்துப் படகு இருந்தால், கழுவுவதற்கென்று மேட்டில் ஓர் இடம், ஒரு பெரிய தார்ப்பாய், எண்ணெய்க்கு ஒரு பீப்பாய் என்று எல்லோரும் சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்ளலாம். தனியாகச் செய்வதைவிடச் செலவு குறையும். நண்டும் இறாலும் குஞ்சு வளரும் தண்ணீரும் பிழைக்கும்.