மாறாத பிழை: டயர்க் காற்றை அளக்கும் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

தஞ்சோங் மாலிமில் 2004 முதல் கார்களை உருவாக்கிவரும் புரோட்டோன் தொழிற்சாலையின் வண்டியானாலும், கடல் கடந்து வந்த வண்டியானாலும், ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் பெரும்பாலும் ஒரு சிறிய அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். முன் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று, பின் சக்கரத்துக்கு எவ்வளவு, ஆளும் மூட்டையும் நிறைந்திருக்கும்போது எவ்வளவு என்பதைக் கிலோபாஸ்கல் கணக்கில் அது சொல்கிறது. டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டிய அழுத்தம் அது. டயரின் பக்கச் சுவரில் புடைத்து நிற்கும் எண்ணோ அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தத்தைக் குறிப்பதாகும். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு உச்ச அளவுக்கே காற்றடித்துவிடுவது பலரும் செய்யும் தவறு. அட்டவணையின் எண்ணைக் கடைப்பிடிப்பதற்கு வீட்டில் ஓர் அழுத்தமானி இருந்தால் போதும் என்று தோன்றினாலும், அது காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தனியாக ஆராயத்தக்க கேள்வி.

பட்டறைகளில் கேஜ் எனப்படும் இக்கருவி, டயருக்குள் இருக்கும் காற்றின் முழு அழுத்தத்தைக் காட்டுவதில்லை. கடல்மட்டத்தில் வளிமண்டலம் எல்லாப் பொருள்களையும் சுமார் 101 கிலோபாஸ்கல் அளவுக்கு அழுத்திக்கொண்டிருக்க, உள்ளிருக்கும் காற்று அதைவிட எவ்வளவு கூடுதலாக அழுத்துகிறது என்ற வேறுபாட்டை மட்டுமே கருவி காட்டுகிறது. இவ்வேறுபாட்டையே அளவி அழுத்தம் என்பர். கருவி 220 என்று காட்டும்போது உள்ளே உண்மையில் இருப்பது ஏறத்தாழ 321 கிலோபாஸ்கல். மலேசியப் பெட்ரோல் நிலையங்களின் காற்றடிக்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் கிலோபாஸ்கலிலும், கடைகளில் விற்கும் கைக்கருவிகள் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு எனப் பொருள்படும் பி.எஸ்.ஐ. அளவிலும், சில பார் என்ற அலகிலும் பேசுவதால், 1 பி.எஸ்.ஐ. என்பது 6.9 கிலோபாஸ்கல் என்பதையும், 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல் என்பதையும் மனத்தில் வைத்திருப்பது பயன் தரும். அவ்வகையில் 220 கிலோபாஸ்கலும் 32 பி.எஸ்.ஐ.யும் 2.2 பாரும் ஒன்றே.

வேறுபாட்டைத்தான் கருவி காட்டுகிறது என்பதன் பொருள் மலை ஏறும்போது தெளிவாகும். தஞ்சோங் மாலிமிலிருந்து வடக்கே தாப்பா வரை சென்று அங்கிருந்து கேமரன் மலைக்கு ஏறும் கார், சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவை அடையும்போது, அங்கே வளிமண்டல அழுத்தம் 86 கிலோபாஸ்கல் அளவுக்குக் குறைந்திருக்கும். வெளியிலிருந்து அழுத்துவது குறைந்தமையால், டயருக்குள் ஒரு துளிக் காற்றும் சேராமலே கருவி 15 கிலோபாஸ்கல் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆயினும் சமவெளியின் 30 டிகிரி வெப்பம் மலையில் 18 டிகிரியாக இறங்கிவிடுவதால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி ஏறத்தாழ 13 கிலோபாஸ்கலை இழக்கிறது. ஓர் இரவு நிறுத்திவைத்த வண்டியைக் காலையில் அளந்தால் ஒன்று மற்றொன்றை ஈடுசெய்து, கருவி சமவெளியில் காட்டிய எண்ணையே கிட்டத்தட்டக் காட்டும். பௌதிகம் இவ்வளவு தாராளமாக ஓட்டுநருக்கு உதவும் இடங்கள் மிகக் குறைவு.

மாறாகச் சமவெளி நெடுஞ்சாலையில் அது உதவுவதில்லை. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன், கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே பயணம் செய்தோர் பழைய சாலையில் தஞ்சோங் மாலிமில் இறங்கி, பாவும் காப்பியும் அருந்தி, வண்டியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. அப்படி ஓடி வந்து நிற்கும் டயரின் உட்காற்று 30 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடேறியிருந்தால், காலையில் 220 என இருந்த அழுத்தம் 246 அல்லது 247ஆகக் காட்டும். காற்று மிகுந்துவிட்டது என்று கருதி அதை 220க்குத் திறந்துவிட்டால், மறுநாள் காலையில் டயர் ஆறியபின் உள்ளே மிஞ்சுவது 195 அளவே. கருவி இரண்டு முறையும் உண்மையையே கூறியிருக்க, கேட்ட நேரம்தான் பிழையானது. குறைந்தது மூன்று மணி நேரம் நிறுத்திவைத்த, வெயில் படாத டயரையே குளிர்ந்த டயர் எனக் கொள்வர். வீட்டில் சொந்தமாக ஒரு கருவி இருக்க வேண்டியதன் முதற்காரணமும் இதுவே, ஏனெனில் பெட்ரோல் நிலையம் வரை ஓட்டிச்சென்ற வண்டி ஓரளவு சூடேறியே அங்குப் போய்ச் சேருகிறது.

ஓட்டை எதுவும் இல்லாவிட்டாலும் டயர் காற்றை இழக்கும் என்பதில் பேராக் மக்களுக்குச் சற்றே நகைமுரணாகத் தோன்றும் செய்தி ஒன்று உண்டு. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதை, அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலக்கங்சாரில் நடச்செய்தார். பின்னாளில் பேராங், சிலிம் ரிவர் முதலிய இடங்கள் வரை பரவிய தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சீவி மங்கில் சேர்த்த பாலுக்கு, டயர்த் தொழிலே உலகின் மிகப் பெரிய சந்தையாயிற்று. ஆனால் இழுவைக்கும் உழைப்பிற்கும் நிகரற்ற அந்த இயற்கை ரப்பர், காற்றை அடைத்துவைப்பதில் அவ்வளவு தேர்ந்ததன்று. அதன் நீண்ட மூலக்கூறுகளின் இடையே காற்றின் மூலக்கூறுகள் மெல்ல நுழைந்து வெளியேறிவிடுகின்றன. 1937இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தில் ஸ்பார்க்ஸ், தாமஸ் ஆகிய இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் இக்கசிவைப் பல மடங்கு குறைப்பதால், இன்றைய டியூப் இல்லாத டயர்களின் உட்புறத்தில் அதன் வழிவந்த ஒரு மெல்லிய பூச்சே காற்றைக் காக்கிறது. அப்பூச்சு இருந்தும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. குறைவது இயல்பு என்பதால், மாதம் ஒருமுறையேனும் அளப்பது அவசியமாகிறது. சில வண்டிகளில் இருக்கும் எச்சரிக்கை விளக்கு இதற்கு மாற்றாகாது. அமெரிக்க விதிப்படி அவ்விளக்கு எரியவேண்டியது அழுத்தம் நான்கில் ஒரு பங்கு குறைந்த பிறகே.

அழுத்தத்தை அளக்கும் மிக நேர்மையான வழி, ஒரு குழாயில் திரவத்தை ஏற்றி அதன் உயரத்தைப் பார்ப்பது. 220 கிலோபாஸ்கலைத் தண்ணீரால் அளக்க வேண்டுமாயின் 22 மீட்டருக்கும் மேலான, ஏழு மாடிக் கட்டடத்தின் உயரமுள்ள குழாய் தேவைப்படும். பாதரசம் 13 மடங்குக்கு மேல் அடர்த்தி கொண்டதாகையால் 1.65 மீட்டர் போதும், எனினும் அதைக் கார்ப் பெட்டியில் வைத்துச் சுமக்க எவரும் விரும்பார். நீராவி எந்திரங்களின் காலத்தில் இச்சிக்கலுக்கு விடை கண்டவர் பாரிஸ் நகரப் பொறியாளர் யூஜின் பூர்டோன். பிழையாக நசுங்கிப்போன ஒரு வளைகுழாயைச் சரிசெய்வதற்காக அதனுள் தண்ணீரை அழுத்திச் செலுத்தியபோது, சுருண்டிருந்த குழாய் மெல்ல நிமிர்வதை அவர் கவனித்தார் என்று சொல்லப்படுகிறது. 1849இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பு, ஒரு முனை அடைக்கப்பட்டு, தட்டையாக்கப்பட்டு, அரைவட்டத்துக்கு மேல் வளைக்கப்பட்ட உலோகக் குழாய்தான். உள்ளே அழுத்தம் ஏறும்போது தட்டையான குழாய் உருண்டையாக முயல்கிறது. அம்முயற்சியில் அதன் வளைவு சற்றே விரிய, அடைபட்ட முனை ஒருசில மில்லிமீட்டர் நகர்கிறது. அந்நகர்வை ஒரு நெம்புகோலும் இரு பற்சக்கரங்களும் பெருக்கி முள்ளைச் சுழற்றுகின்றன. ரப்பர் மரங்களை அகற்றிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களில், பழக்குலைகளை ஏறத்தாழ 3 பார் நீராவியில் வேகவைக்கும் ஆலைக் கலன்களின் மேல் இருக்கும் பெரிய வட்ட முகப்புக் கருவியும், கடையில் வாங்கும் முள் வைத்த டயர்க் கருவியும் உள்ளமைப்பில் உறவினரே.

இந்த அமைப்பின் வலிமையும் பலவீனமும் அந்தச் சில மில்லிமீட்டரில்தான் உள்ளன. கருவி சிமெண்டுத் தரையில் ஒருமுறை விழுந்து குழாய் மயிரிழை அளவு வளைந்தாலும், அல்லது பல் ஒன்று நகர்ந்தாலும், முள் அன்று முதல் வேறோர் இடத்தைக் காட்டும். ஆகையால் முள் கருவிகளில் முகப்பைச் சுற்றித் தடித்த ரப்பர் உறை இருப்பது அலங்காரத்துக்காக அன்று. அழுத்தம் இல்லாதபோது முள் சுழியத்தில் வந்து நிற்கிறதா என்பது நொடியில் பார்த்துவிடக்கூடிய சோதனை. சுழியத்தில் நிற்காத முள்ளை மேலே எந்த எண்ணிலும் நம்புவதற்கில்லை. ஆனால் சில மலிவுக் கருவிகளில் சுழியத்தருகே ஒரு சிறு ஆணி வைத்து முள்ளைத் தடுத்து நிறுத்திவிடுவதால், அங்கே இச்சோதனை பயனற்றுப்போகிறது.

பேனா போன்ற கருவியில் காற்று ஒரு சிறு உந்துதண்டைச் சுருள்வில்லுக்கு எதிராகத் தள்ள, எண்கள் பொறித்த பட்டை வெளியே நீள்கிறது. மலிவானது, விழுந்தாலும் எளிதில் கெடாதது, மின்கலம் வேண்டாதது. எனினும் தண்டின் உராய்வு தூசியாலும் ஈரத்தாலும் மாறுவதால் ஒரே டயரில் அடுத்தடுத்து இரு வேறு எண்களைக் காட்டுவதும் உண்டு. எண்களைத் திரையில் காட்டும் மின்னணுக் கருவிகள், 1954இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் ஸ்மித் கண்டறிந்த பண்பொன்றைப் பயன்படுத்துகின்றன: சிலிக்கான் தகடு அழுத்தத்தால் வளையும்போது அதன் மின்தடை மாறுகிறது. உராயும் பாகம் இல்லாமையால் இவை பொதுவாக ஒரே சீராகக் காட்டும். மின்கலம் தளரும்போது மட்டும் கவனம் வேண்டும்.

நம்பகம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனிப் பண்புகள் ஒளிந்துள்ளன என்பதைக் கடைக்காரர்கள் பிரித்துக் கூறுவதில்லை. உண்மையான அழுத்தத்துக்கு எவ்வளவு அருகில் காட்டுகிறது என்பது துல்லியம். அதே அழுத்தத்தை மீண்டும் மீண்டும் அளந்தால் அதே எண்ணைக் காட்டுகிறதா என்பது மீள்திறன். எவ்வளவு சிறிய வேறுபாட்டை முகப்பில் பிரித்துப் படிக்க முடிகிறது என்பது பிரிதிறன். திரையில் 31.7 என்று புள்ளிக்குப் பின்னும் ஓர் எண் மிளிர்வது பிரிதிறனைத்தான் காட்டுகிறது. உள்ளிருக்கும் உணரி 2 பி.எஸ்.ஐ. தவறினாலும் அந்த 7 அதே அழகோடு மிளிரும். துல்லியமற்றதாயினும் மீள்திறன் உள்ள கருவி, தினமும் சரியாக ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரத்தைப் போன்றது. அதைக் கொண்டு ரயிலைப் பிடித்துவிடலாம். ஒருநாள் முந்தியும் ஒருநாள் பிந்தியும் ஓடும் கடிகாரம் அதற்குப் பயன்படாது. ஆகவே வீட்டுக்கு வாங்கும் கருவியில் முதலில் தேட வேண்டியது மீள்திறனே.

அடுத்துப் பார்க்க வேண்டியது முகப்பின் எல்லை. முள் கருவிகளின் பிழை பெரும்பாலும் முழு அளவெல்லையின் விழுக்காடாகவே தரப்படுகிறது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தரத்தில் பரவலாக வழங்கும் பி வகை, அளவெல்லையின் நடுப்பாதியில் 2 விழுக்காடும், இரு ஓரக் கால்பகுதிகளில் 3 விழுக்காடும் பிழையை அனுமதிக்கிறது. 60 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கருவியில் 32 நடுப்பகுதியில் அமைவதால் பிழை 1.2ஐத் தாண்டாது. லோரிக்கும் சேர்த்து உதவட்டும் என்று 160 வரை காட்டும் கருவியை வாங்கினால் அதே 32 கீழ்க் கால்பகுதியில் விழ, அனுமதிக்கப்பட்ட பிழையே 4.8 பி.எஸ்.ஐ. ஆகிவிடும், தரச் சான்று எந்த விதத்திலும் பொய்யாகாமலே கருவி 27 என்றோ 37 என்றோ சொல்லலாம். வழக்கமாக அளக்கும் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு எல்லை உள்ள கருவியே பொருத்தம் என்பது இதனால்தான். சட்ட அளவியலுக்கான பன்னாட்டு அமைப்பு, டயர் அழுத்தமானிகளுக்கு 4 பார் வரை 0.08 பார் பிழையையே ஏற்கிறது; அதுவும் 1.2 பி.எஸ்.ஐ. அளவில் வந்து நிற்பதால், வீட்டுக் கருவிக்கு இதையே நியாயமான எல்லையாகக் கொள்ளலாம்.

அதிர்வைத் தணிப்பதற்காகக் கிளிசரின் நிரப்பி மூடப்பட்ட முகப்புகள் பார்வைக்கு உறுதியானவை எனினும், வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்து சூடேறும்போது மூடிய பெட்டிக்குள் அழுத்தம் உயர்ந்து முள்ளைச் சற்றே தாழ்த்திவிடும். காற்றுத்துளை இல்லாத இத்தகைய கருவியை வீட்டு நிழலில் வைத்து ஆறிய பின்பே பயன்படுத்துவது நலம். இணைப்பாக நீண்ட ரப்பர்க் குழாய் கொண்டவை குனிந்து பார்க்கும் சிரமத்தைக் குறைக்கும்; ஆனால் ஒவ்வோர் அளவீட்டிலும் அக்குழாயை நிரப்பும் காற்று டயரிலிருந்தே வருகிறது. 30 லிட்டர் கொள்ளும் கார் டயரில் இது பொருட்படுத்தத்தக்கதன்று. மோட்டார் சைக்கிளின் ஒல்லியான டியூப்பிலோ, சைக்கிளிலோ, அளந்ததாலேயே அழுத்தம் குறைவது கண்கூடாகத் தெரியும்.

வாங்கிய கருவியைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், ஒரே டயரின் வால்வு மூடியைக் கழற்றி, கருவியின் வாயை நேராக வைத்து, சீறல் ஒலி நிற்கும்படி உறுதியாக அழுத்தி, எண்ணைக் குறித்துக்கொண்டு எடுத்து, இவ்வாறே ஐந்து முறை செய்தால் போதும். ஐந்தும் ஒரு பி.எஸ்.ஐ.க்குள் அடங்கினால் மீள்திறன் உள்ளது. சிதறினால் முதலில் கையைச் சந்தேகித்து மீண்டும் முயன்று, பிறகும் சிதறினால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மீள்திறன் உறுதியானபின், முறையாக அளவுத்திருத்தம் செய்யப்பட்ட கருவி வைத்திருக்கும் டயர்ப் பட்டறையில், அதே டயரை அடுத்தடுத்து இரு கருவிகளாலும் அளந்து வேறுபாட்டைக் காண வேண்டும். ஒப்பீடுதான் நோக்கமாகையால் டயர் சூடாக இருப்பது இங்கே தடையாகாது. வீட்டுக் கருவி 2 குறைவாகக் காட்டுமானால், அழியாத மையால் அதன் முதுகில் ‘+2’ என்று எழுதி, தேதியையும் பக்கத்தில் குறித்து வைத்து, தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும் முன் ஆண்டுக்கொருமுறை அந்த எண்ணை மீண்டும் சரிபார்த்துக்கொள்ளலாம்.