டிராக்டரின் பிரேக்குத் தட்டுகளை மாற்றுதல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பருத்தியும் மக்காச்சோளமும் உளுந்தும் விதைக்க உழவர்கள் விரைகின்றனர். முன்னாளில் ஏர்மாடுகள் செய்த வேலையை இன்று பெரும்பாலும் டிராக்டர் செய்கிறது. உழவு முடிந்தபின் அதே வண்டி விளைச்சலைச் சுமக்கிறது. கோடையில் குடிநீர்த் தொட்டியையும் இழுத்துச் செல்கிறது. அதன் இழுக்கும் வலிமையை யாவரும் அறிவர். நிறுத்தும் வலிமையைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

4,000 லிட்டர் தண்ணீரின் எடை மட்டும் 4 டன். இழுக்கும் டிராக்டரோ ஏறத்தாழ 2 டன். தொட்டி வண்டிக்குத் தனிப் பிரேக்கு இல்லையெனில், 6 டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை டிராக்டரின் இரு பின்சக்கரங்களே தாங்கி நிறுத்த வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். வேகம் இருமடங்கானால், பிரேக்கை அழுத்தியபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும் பாதையில் பள்ளிப் பிள்ளைகள் எதிரே வரும்போது, இது உயிர்க் கணக்காகிவிடுகிறது.

பிரேக்கு வேலை செய்யும் விதம்

நம் ஊர்களில் உழைத்துவரும் பழைய டிராக்டர்கள் பலவற்றில் உலர்தட்டுப் பிரேக்கு உள்ளது. பின்சக்கரத்துக்கு விசை செலுத்தும் தண்டில், உராய்வுப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் நடுவே இரண்டு இரும்புத் தகடுகளும், அவற்றுக்கிடையே சரிவான பள்ளங்களில் எஃகு உருண்டைகளும் இருக்கும். மிதியை அழுத்தினால் உருண்டைகள் சரிவில் ஏறித் தகடுகளை விலக்கும். தகடுகள் தட்டுகளை உறையின் சுவரோடு நெருக்கும். அந்த உராய்வே வண்டியை நிறுத்துகிறது. புதிய வண்டிகள் பலவற்றில் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். அவற்றுக்குத் தயாரிப்பாளர் குறித்த எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

தேய்மானத்தின் அடையாளங்கள்

மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்குதல், திருகி முடுக்கியும் பிடிப்பு வராமை, அழுத்தும்போது கிறீச்சென்ற ஒலி, வண்டி ஒருபுறம் இழுத்தல் ஆகியவை எச்சரிக்கைகள். கரிசல் புழுதியும் மழைக்காலச் சேறும் உறைக்குள் புகுந்தால் தேய்மானம் விரைவாகும். வரப்போரம் வண்டியைத் திருப்ப ஒரு மிதியை மட்டும் அடிக்கடி அழுத்துவதால் ஒரு பக்கத் தட்டு முன்னதாகவே தேய்வதும் உண்டு.

மாற்றும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். சில வகைகளில் பக்கவாட்டு உறையைக் கழற்றினாலே போதும். வேறு சிலவற்றில் பின்சக்கரத்தையும் அச்சு உறையையும் கழற்ற நேரும். அப்போது செங்கல்லையோ, ஜாக்கியை மட்டுமோ நம்பலாகாது. உறுதியான இரும்புத் தாங்கி வேண்டும். இவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக் செய்வதே நன்று. எனினும் உரிமையாளர் அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதலாகாது. பழைய பூச்சுகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே முறை. தட்டில் எண்ணெய் படிந்திருந்தால், அதைக் கழுவி மீண்டும் மாட்டுவது வீண். எண்ணெய் கசியும் சீலையும் தட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உருண்டைகள், அவற்றின் பள்ளங்கள், சுருள்வில்கள், உறையின் உட்சுவர் ஆகியவற்றில் தேய்வோ கீறலோ உண்டா எனப் பார்க்க வேண்டும். புதிய தட்டின் பரப்பில் கிரீசுக் கை படக்கூடாது.

ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுவது சிக்கனம்போல் தோன்றும். ஆனால் புதிய பக்கம் முந்திப் பிடிக்க, வண்டி திரும்பிவிடும். ஆகவே இரு பக்கமும் ஒருங்கே மாற்றி, இரு மிதிகளுக்கும் கையேட்டில் சொல்லிய அளவில் சமமான தளர்வு வைக்க வேண்டும். பின்பு ஆளில்லாத நிலத்தில், பாரமின்றி, மெதுவாக ஓட்டிச் சோதித்த பின்னரே சாலைக்கு வரலாம். சில நாள் ஓட்டியபின் தளர்வை மறுபடி சரிபார்ப்பது அவசியம்.

ஓட்டுநர் மறவாதிருக்க

சாலையில் செல்லும்போது இரு மிதிகளையும் கொக்கியால் இணைக்க வேண்டும். வேகத்தில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் வண்டி குடைசாயும். சரிவில் எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்கலாகாது. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினும் வேகத்தை அடக்கும். உலர்தட்டு வண்டி நீரைக் கடந்தால், பிரேக்கைச் சிறிது அழுத்தியவாறே சற்று தூரம் ஓட்டித் தட்டுகளை உலர்த்த வேண்டும். பாரவண்டியில் ஆட்களை ஏற்றுவது ஆபத்தானது, சட்டத்துக்கும் மாறானது.

குடிநீர் வண்டியை வாடகைக்கு அமர்த்தும் பஞ்சாயத்து உறுப்பினர்கள், தொட்டியின் கொள்ளளவைக் கேட்பதோடு பிரேக்கைக் கடைசியாகப் பார்த்த நாளையும் கேட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்வாராக. தட்டுக்குச் செலவிடும் பணம் ஒரு வெள்ளாமையில் திரும்பிவிடும். ஊரார் உயிர் அவ்வாறு திரும்புவதன்று.