பிள்ளை வாய் திறக்கவில்லையா? நீங்கள் கேளுங்கள்



விடியற்காலை. பெரட்டுக்குப் போகும் அவசரம். அடுப்பில் சோறு கொதிக்கிறது. மூன்றாம் படிவம் படிக்கும் மகள், "வயித்த வலிக்குதும்மா, இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகல" என்கிறாள். போன வாரமும் இதே கதைதான். "சோம்பேறி! பஸ் வந்திடும், ஓடு!" என்று விரட்டிவிட்டு நாமும் வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறோம். குறை சொல்லவில்லை. பெரட்டு யாருக்காகவும் காத்திருக்காது. ஆனால் அந்த வலி தைலம் தடவினால் போகிற வலிதானா என்று, மாலையில் வீடு திரும்பிய பிறகாவது கேட்டோமா?

2022ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் 13 முதல் 17 வயது மாணவர்களிடம் ஆய்வு நடத்தியது. 4 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு. 10 பேரில் ஏறக்குறைய ஒருவர், முந்திய ஓராண்டுக்குள் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகத் தெரிவித்திருந்தார்கள். இது பிள்ளைகளே தங்களைப் பற்றிச் சொன்னது.

"அதெல்லாம் டவுன் பிள்ளைங்களுக்கு வர்ற வியாதி" என்று லயத்து வாசலில் பேசிக்கொள்வது நம் காதிலும் விழுகிறது. தோட்டத்துப் பிள்ளையின் பாட்டைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஆறு வருடம் சின்னத் தமிழ்ப்பள்ளி. வாத்தியாருக்கு அப்பா பெயரும் தெரியும், ஆத்தா பெயரும் தெரியும். அடுத்த வருடம் புகுமுக வகுப்போ முதல் படிவமோ, எங்கோ பட்டணத்துப் பெரிய பள்ளி. பாடமெல்லாம் மலாயில். நிறத்தைச் சொல்லிக் கேலி, பழைய சப்பாத்தைப் பார்த்துக் கேலி. முன்பு மணி அடித்தால் கேலி நின்றுவிடும். இப்போது கைப்பேசி வழியாக அது படுக்கை வரை வருகிறது. போதாததற்கு எஸ்.பி.எம். பரீட்சை, வீட்டில் அப்பாவின் குடி. இத்தனையையும் 15 வயது எப்படித் தாங்கும்?

மனச்சோர்வு என்றால் எப்போதும் அழுதுகொண்டிருப்பது என்று நினைக்காதீர்கள். பையன்கள் பெரும்பாலும் எரிந்து விழுவார்கள். தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது, பந்து விளையாடப் போனவன் மூலையில் முடங்குவான். ஆசையாய் வைத்திருந்த பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று சொல்வது, இவற்றை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

அப்படியானால் நேராகக் கேளுங்கள். "ஏம்மா, கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கியே, செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா? சொல்லு, நான் திட்ட மாட்டேன்." இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அது தவறான பயம். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. பாரத்தை இறக்க ஓர் ஆள் கிடைத்தது என்றுதான் பிள்ளை நினைக்கும். கேட்ட பிறகு நாம் வாயை மூட வேண்டும், அதுதான் நமக்குக் கஷ்டம். "நாங்க அந்தக் காலத்துல எவ்ளோ கஷ்டப்பட்டோம் தெரியுமா" என்று ஆரம்பித்தால் பிள்ளை அன்றோடு வாயை மூடிக்கொள்ளும்.

"ஆமாம்" என்று பதில் வந்தால் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். மருந்தடிக்கும் தோழர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லைப்புறத்துப் புல்லுக்கு என்று மினரல் போத்தலில் கொஞ்சம் ஊற்றிக் கொண்டு வருகிறோமே, அது வேண்டாம். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது உண்மைதான்; அதற்காக மற்ற மருந்தெல்லாம் பாலாகிவிடவில்லை. சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாதிருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார்; போய்ப் பாருங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் டாக்டரிடம் மனச்சோர்வு என்றே சொல்லுங்கள், வெட்கம் வேண்டாம். கோயிலில் கயிறு கட்டுவதை நாம் தடுக்கவில்லை. கயிறும் இருக்கட்டும், கிளினிக்கும் இருக்கட்டும்.

ஒரு பிள்ளை முயன்று தப்பிவிட்டால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகாமல் மறைத்த குடும்பங்கள் உண்டு. தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அப்படி மிரட்டி வைத்திருந்தது. 2023ல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. தற்கொலைக்கு முயன்றது இப்போது குற்றமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வண்டி இல்லையென்றால் 999.

பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-76272929. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அரசாங்கத்தின் தாலியான் காசே 15999, மனநல உதவிக்கான ஹீல் எண் 15555. மூன்றையும் நாள்காட்டி ஓரத்தில் பெரிதாக எழுதி, பிள்ளையின் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டிவிடுங்கள்.